எக்கோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

சென்ற தவணையில் ஒரு நாள். வரலாற்றுப் பாடத்தில் ஐரோப்பிய மறுமலர்ச்சி அலகு. பாடப்புத்தகத்தில் உள்ள படங்கள் சிறியவை, பின்வாங்கில் இருப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. ஆகவே சில படங்களைத் தரவிறக்கித் திரையில் போட்டுக் காட்டினோம். அதில் ஒன்று இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்துக் கட்டடம். வரிசையாகத் தூண்கள், தூண்களுக்கு மேல் வளைவுகள், வளைவுகளுக்கு இடையே வட்ட வட்டமாக நீல நிறச் சிற்பங்கள். "இது புருனெல்லெஸ்கி கட்டியது. தூண்களுக்கு இடையிலான அளவைக் கவனியுங்கள்" என்று நாம் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனோம்.

அப்போது ஒரு பிள்ளை கையை உயர்த்தியது. "சேர், அந்த வட்டத்துக்குள்ள ஏன் சேர் புள்ள படம்? துணியால சுத்தி வெச்சிருக்கு."

நாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உண்மைதான். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு கைக்குழந்தை. உடம்பெல்லாம் துணிப்பட்டியால் சுற்றப்பட்டு, இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்கிறது. கலாசாலையில் படித்த காலத்தில் இந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். தூணைப் பார்த்தோம், வளைவைப் பார்த்தோம், குழந்தையைப் பார்க்கவில்லை. "நாளைக்குப் பார்த்துச் சொல்லுவம் மகன்" என்று சமாளித்தோம்.

அந்த இரவு தேடத் தொடங்கியது ஒரு கட்டடத்தைப் பற்றி. போய்ச் சேர்ந்தது ஒரு பெயரில். அதைத்தான் இங்கே எழுதுகிறோம். நீண்ட பதிவு, நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

அந்தக் கட்டடத்தின் பெயர் 'ஒஸ்பெதாலே தெலி இன்னொசென்தி'. 'குற்றமற்றோரின் இல்லம்' என்று சொல்லலாம். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகவே கட்டப்பட்டது. செலவைப் பொறுப்பேற்றது புளோரன்ஸ் நகரத்துப் பட்டு வணிகர் சங்கம். 1419இல் வேலை ஆரம்பித்தது. 1445 பெப்ரவரி 5ஆம் திகதி முதலாவது குழந்தை வந்து சேர்ந்தது. அது ஒரு பெண் குழந்தை. அகத்தா என்று பெயர் வைத்தார்கள். ஏன் அகத்தா? கிறிஸ்தவ நாட்காட்டியில் பெப்ரவரி 5 புனித அகத்தாவின் நாள். பெற்றவர்கள் பெயர் வைக்கவில்லை, ஆகவே நாட்காட்டி வைத்தது.

நாம் திரையில் பார்த்த நீல வட்டங்களைச் செய்தவர் ஆந்திரேயா தெல்லா ரொப்பியா. சுட்ட களிமண்ணில் செய்து மெருகிட்டவை. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பதிக்கப்பட்டன. அந்த வழியாகப் போகிற யாருக்கும் இது யாருடைய வீடு என்று விளங்க வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்ட குழந்தைகள் அவை.

இத்தாலியின் பல நகரங்களில் இப்படி இல்லங்கள் இருந்தன. அவற்றின் சுவரில் ஒரு பொறி இருந்தது. அதை 'ரோத்தா' என்பார்கள், சக்கரம் என்று பொருள். மரத்தால் செய்த ஓர் உருளை. ஒரு பக்கம் திறந்திருக்கும், அது தெருவைப் பார்த்திருக்கும். இரவில் வருகிற தாய் குழந்தையை அதற்குள் வைத்து, உருளையைச் சுற்றிவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போய்விடுவாள். உருளை சுழன்று உள்ளே திரும்பும். உள்ளே இருப்பவள் குழந்தையை எடுத்துக்கொள்வாள். வைத்தவள் முகம் எடுத்தவளுக்குத் தெரியாது, எடுத்தவள் முகம் வைத்தவளுக்குத் தெரியாது.

"கல்நெஞ்சுக்காரிகள்" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்த இல்லங்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் வேறு படத்தைக் காட்டுகிறார்கள். திருமணமாகாத தாய்மார் மட்டும் குழந்தைகளைக் கொண்டுவந்து வைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டு மிலான் நகரத்தில் சட்டப்படி மணம் முடித்த, வறுமைப்பட்ட தொழிலாளர் குடும்பங்களும் ஏராளமாக வைத்தன. பலர் குழந்தையோடு ஓர் அடையாளத்தையும் வைத்தார்கள். இரண்டாக வெட்டிய நாணயத்தின் ஒரு பாதி, உடைத்த பதக்கத்தின் ஒரு துண்டு, ஒரு ரிப்பன் துண்டு. மற்றப் பாதி தாயிடம் இருக்கும். என்றைக்காவது வசதி வந்தால், இரண்டு பாதியையும் பொருத்திக் காட்டிப் பிள்ளையை மீட்டெடுக்கலாம். சிலர் உண்மையாகவே திரும்பி வந்தார்கள். வராதவர்களின் பாதிகள் இன்றும் புளோரன்ஸ் அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகளில் இருக்கின்றன.

உள்ளே போன குழந்தைகளில் பெருந்தொகையானோர் முதல் வருடத்தையே தாண்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பால் கொடுக்கப் போதிய செவிலித்தாய்மார் இல்லை. நோய் வந்தால் ஒரே அறையில் பரவும். தப்பிப் பிழைத்த பிள்ளைகள் வளர்ந்தார்கள், வேலைக்குப் போனார்கள், குடும்பமானார்கள். அவர்களுக்கு ஒரு குடும்பப்பெயர் தேவைப்பட்டது.

இங்கே ஒரு விளக்கம். எங்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. வாப்பாவின் பெயர் எழுத்தாகச் சுருங்கி எமது பெயருக்கு முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அது போய் எமது பெயர் அங்கே நிற்கும். இத்தாலியில் அப்படியல்ல. ஒரே குடும்பப்பெயர் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று நூற்றாண்டுக் கணக்கில் போகும். 1563இல் திரெந்து நகரத்தில் முடிவடைந்த கத்தோலிக்கப் பேரவை, ஒவ்வொரு கோயில் பங்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று விதித்த பின்னர் இந்தப் பெயர்கள் இன்னும் இறுகிப்போயின. ஆகவே ஓர் அனாதைக் குழந்தைக்கு வைக்கும் குடும்பப்பெயர் அந்தக் குழந்தையோடு முடியாது. வரப்போகும் அத்தனை சந்ததிக்கும் வைக்கும் பெயர் அது.

அந்தப் பெயர்களைப் பாருங்கள்.

நேப்பிள்ஸ் நகரத்தில் அனுன்சியாத்தா என்ற இல்லத்தின் சக்கரத்தில் வந்த பிள்ளைகளுக்கு எஸ்போசிதோ என்று பெயர். 'வெளியே வைக்கப்பட்டவன்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொலோஞ்ஞாவில் அதே பொருளில் தெலி எஸ்போஸ்தி. ரோமில் புரோயெத்தி, அதாவது 'எறியப்பட்டவன்'. சிசிலியில் துரோவாதோ, 'கண்டெடுக்கப்பட்டவன்'. புளோரன்ஸில் இல்லத்தின் பெயரிலேயே இன்னொசென்தி. சியெனா நகரத்தில் இல்லத்தின் சின்னம் ஏணி, ஆகவே ஏணி என்று பொருள்படும் ஸ்காலா. மிலானில் பெரிய வைத்தியசாலையின் சின்னம் புறா, ஆகவே புறா என்று பொருள்படும் கொலொம்போ. இந்தக் கடைசிப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் அப்படியே எமது கொழும்பு! ஆனால் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எழுத்து மட்டும்தான் ஒன்று.

'எறியப்பட்டவன்' என்ற பெயரோடு ஒருவன் வேலை கேட்டுப் போவதை யோசித்துப் பாருங்கள். பெண் கேட்டுப் போவதை யோசித்துப் பாருங்கள். வாயைத் திறந்து பெயரைச் சொன்ன உடனேயே அவன் பிறப்பின் கதை எதிரே இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். அவன் மகனுக்கும் அப்படி. தகப்பனும் தாயும் முறைப்படி மணம் முடித்து, வீடும் வாசலுமாக வாழ்ந்தாலும், பேரன் பெயரிலும் அந்தச் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும்.

இது அநியாயம் என்று அந்தக் காலத்து ஆட்சியாளர்களுக்கே விளங்கியது. நெப்போலியனின் மைத்துனர் முரா 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸின் மன்னராக இருந்தார். அவர் காலத்தில்தான் அனாதைப் பிள்ளைகளுக்கு எஸ்போசிதோ என்று பெயர் வைப்பது தடுக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் மற்ற நகரங்களும் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் வந்தன.

தடுத்தது நல்லது. ஆனால் ஒரு புதிய பிரச்சினை வந்தது. குழந்தைகள் வந்துகொண்டுதானே இருக்கின்றன? ஒரே பெயரை எல்லோருக்கும் வைக்க முடியாது. ஊரில் இருக்கும் குடும்பத்தின் பெயரை வைத்தால் அந்தக் குடும்பம் சண்டைக்கு வரும். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புதுப் பெயரை ஆக்க வேண்டும். யார் ஆக்குவது? இல்லத்தின் இலிகிதர், நகரசபையின் பதிவாளர். மேசையில் இருந்த அந்த மனிதர்கள், மாதத்தின் பெயர், கிழமையின் பெயர், பூவின் பெயர், ஊரின் பெயர், வேத நூலில் வந்த பெயர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்தார்கள். ஒன்றும் கிடைக்காதபோது எழுத்துகளைக் கூட்டிக் கற்பனையாகவே உண்டாக்கினார்கள்.

இப்போது எமது பெயருக்கு வருகிறோம்.

உம்பர்த்தோ எக்கோவை இலக்கியம் வாசிப்பவர்கள் அறிவார்கள். 1932 ஜனவரி 5இல் வட இத்தாலியின் அலெஸ்ஸாந்திரியா நகரத்தில் பிறந்தவர். பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்தில் குறியியல் பேராசிரியர். 1980இல் வெளிவந்த 'ரோஜாவின் பெயர்' என்ற நாவலால் உலகப் புகழ் பெற்றவர். 2016 பெப்ரவரி 19இல் காலமானார். இவருடைய குடும்பப்பெயர்தான் எக்கோ.

இத்தாலிய மொழியில் இந்தச் சொல்லுக்கு எதிரொலி என்று பொருள். ஆகவே ஏதோ மலையடிவாரத்து முன்னோர் ஒருவருக்கு வந்த பட்டப்பெயராக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் எக்கோ சொன்ன கதை வேறு. அவருடைய பாட்டனார் ஒரு 'துரோவாதெல்லோ', கண்டெடுக்கப்பட்ட குழந்தை. நகரசபை அதிகாரி ஒருவர் அந்தக் குழந்தைக்கு வைத்த பெயர் அது. மூன்று லத்தீன் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஆக்கியதாம். 'எக்ஸ் சேலிஸ் ஒப்லாத்துஸ்'. பொருள்: 'வானங்களிலிருந்து அருளப்பட்டவன்'.

இது வரலாற்றா, குடும்பத்துக் கதையா? கவனமாகச் சொல்ல வேண்டும். பாட்டனார் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்பதை எக்கோ உறுதியாகவே சொன்னார். மூன்று எழுத்தின் விளக்கம் குடும்பத்துக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. பழைய சுருக்கெழுத்துப் பட்டியல் ஒன்றிலிருந்து கிடைத்தது என்று சொல்லியிருக்கிறார். ஆகவே நாம் அதை 'இப்படிச் சொல்லப்படுகிறது' என்ற இடத்தில் வைப்பதே சரி. ஆனால் அந்த விளக்கம் காலத்தோடு பொருந்துகிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிப் பெயரை இலிகிதர்கள் ஆக்கிக்கொண்டிருந்த நூற்றாண்டு அது.

விளக்கம் உண்மையென்றால், அந்தப் பெயர் தெரியாத இலிகிதரைப் பற்றி நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதே வேலையில், அதே கதிரையில் இருந்த வேறொருவர் ஒரு குழந்தையைப் பார்த்து 'எறியப்பட்டவன்' என்று எழுதினார். இவர் 'வானத்திலிருந்து வந்தவன்' என்று எழுதினார். குழந்தை அதே குழந்தைதான், அதே துணிதான், அதே அழுகைதான். அதை வெளிப்படையாக எழுதாமல் மூன்று எழுத்துக்குள் மறைத்தும் வைத்தார். கேட்பவன் காதுக்கு அது வெறும் எதிரொலி.

அந்தக் குழந்தை வளர்ந்து அச்சகத் தொழிலாளியானது. ஓய்வு பெற்ற பின்னர் வீட்டில் புத்தகம் கட்டும் வேலை செய்தார் பாட்டனார். அவர் மறைந்தபோது கட்டி முடிக்கப்படாத புத்தகங்கள் ஒரு பெட்டியில் மிஞ்சின, அது வீட்டின் நிலவறைக்குப் போனது. சின்னப் பையனாக இருந்த உம்பர்த்தோ அந்தப் பெட்டியைத் திறந்துதான் வாசிப்புக்குள் நுழைந்தார் என்று பிற்காலப் பேட்டியில் சொன்னார். தகப்பன் யாரென்று தெரியாத ஒரு பிள்ளை, தன் பேரனுக்கு ஒரு பெட்டிப் புத்தகத்தை விட்டுப் போயிருக்கிறது.

1988இல் எக்கோ எழுதிய 'பூக்கோவின் ஊசல்' நாவலில் தியோதல்லேவி என்று ஒரு பாத்திரம் வருகிறது. அவனுடைய பாட்டனும் கண்டெடுக்கப்பட்ட குழந்தை! தியோதல்லேவி என்றால் 'இறைவன் உன்னை வளர்ப்பானாக'. தன் பூர்வீகம் என்னவென்று நிரூபிக்க வழியில்லாத அந்த மனிதன், தான் ஒரு யூதன் என்று நம்புகிறான். நண்பனோ, அது வெறும் அனாதைப் பெயர் என்று வாதாடுகிறான். வாசிக்கும்போது வேடிக்கையாக இருக்கும். எழுதியவரின் பாட்டனார் கதை தெரிந்தால் வேடிக்கை கொஞ்சம் குறையும்.

வரலாற்று ஆசிரியர் என்ற வகையில் இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். தியோதல்லேவி என்ற பெயரைக் கண்டவுடன் 'இவர் பரம்பரை அனாதைப் பரம்பரை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மத்திய கால இத்தாலியில் பெற்றவர்களே ஆசையோடு பிள்ளைக்கு வைத்த வாழ்த்துப் பெயர்கள் பல உண்டு. பொனவெந்துரா என்றால் நற்பேறு. பென்தீவொல்யோ என்றால் 'உன் நன்மையை விரும்புகிறேன்'. 15ஆம் நூற்றாண்டில் பொலோஞ்ஞாவை ஆண்ட குடும்பமே இந்தப் பெயரோடு இருந்தது. தியோதிசால்வி என்றால் 'இறைவன் உன்னைக் காப்பானாக'. பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வட்டமான ஞானஸ்நானக் கட்டடத்தை 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய சிற்பியின் பெயர் அது, அவர் பெயரைக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். தியோதல்லேவியும் இந்த வரிசையில் வந்த பெயர்தான். ரிமினி நகரத்தில் இந்தப் பெயரில் ஒரு பிரபுக் குடும்பம் இருந்தது. அவர்களிடமிருந்து போன ரபாயேலின் ஓவியம் ஒன்று இன்று பேர்லினில் 'தியோதல்லேவி மடோன்னா' என்றே அழைக்கப்படுகிறது. கொலொம்போவும் அப்படியே. 1451இல் ஜெனோவாவில் பிறந்த கொலம்பஸின் குடும்பப்பெயர் கொலொம்போ. மிலான் வைத்தியசாலைக்கும் அவருக்கும் தொடர்பில்லை.

அதாவது ஒரே பெயர் ஒரு வீட்டில் தாயின் துஆ, இன்னொரு வீட்டில் இலிகிதரின் பேனா. பெயரை மட்டும் பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பெயரை வைத்து வம்சம் பேசும் பழக்கம் எங்கள் ஊர்களிலும் இருக்கிறது, அவர்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

சரி, இந்தப் பெயர்கள் இன்று எத்தனை பேரிடம் இருக்கின்றன?

இத்தாலியில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பப்பெயர்கள் உள்ளதாகச் சொல்வார்கள். உலகில் வேறெங்கும் இந்த அளவு வகை இல்லை என்பதும் அடிக்கடி சொல்லப்படும் கருத்து. அதில் முதலிடம் ரொஸ்ஸி, சிவப்பு என்று பொருள். ஆனால் எஸ்போசிதோவைப் பாருங்கள். நாடளாவிய பட்டியலில் வழக்கமாக முதல் ஐந்து இடங்களுக்குள் வந்துவிடும். நேப்பிள்ஸ் நகரத்தில் அதுதான் முதலாவது. மிலான் பக்கம் போனால் கொலொம்போ முன்னணியில். மறுபக்கம், எக்கோ என்ற பெயரோ இத்தாலியில் மிக மிக அபூர்வம். இந்தக் கணக்குகளைப் பெரும்பாலும் தொலைபேசி விபரக்கொத்துகளை வைத்துத்தான் எடுத்தார்கள். வீட்டுத் தொலைபேசி குறைந்துபோன இந்தக் காலத்தில் அந்த எண்ணிக்கைகளை ஒரு குத்துமதிப்பாகவே எடுக்க வேண்டும். ஆனால் எது கூட, எது குறைய என்பதில் சந்தேகமில்லை.

இதில் உள்ள அதிசயத்தைக் கவனித்தீர்களா? இத்தாலியின் மிகப் பரவலான பெயர்களில் ஒன்றும், மிக அபூர்வமான பெயர்களில் ஒன்றும், ஒரே வாசலில் இருந்து வந்தவை. ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே பெயரை வைத்தபோது எஸ்போசிதோ பிறந்தது. ஒரு குழந்தைக்கு ஒரு பெயர் என்று வைத்தபோது எக்கோ பிறந்தது.

ஒரே ஆளில் தொடங்கும் பெயர் ஏன் இலகுவில் மறைந்துபோகிறது என்பதற்குக் கணிதமும் உண்டு. 1870களில் இங்கிலாந்தில் கால்டன், வாட்சன் என்ற இருவர் இதைக் கணக்குப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு விளங்கும் விதமாக நாம் வகுப்பில் இப்படிச் சொன்னோம். நூறு ஆண்கள், நூறு வெவ்வேறு குடும்பப்பெயர். ஒவ்வொருவருக்கும் இரண்டு பிள்ளைகள். தகப்பன் பெயர் ஆண்பிள்ளை வழியாக மட்டும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் பெண்பிள்ளையாக அமைய நாலில் ஒரு வாய்ப்பு. அப்படியென்றால் முதல் தலைமுறையிலேயே ஏறக்குறைய 25 பெயர்கள் போய்விடும். இப்படியே போனால் நான்காவது தலைமுறை வரும்போது பாதிக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயிருக்கும். யாரும் யாரையும் அழிக்கவில்லை, எல்லா வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், பெயர் மட்டும் நின்றுவிடும். எக்கோவின் பாட்டனாருக்குப் பதின்மூன்று பிள்ளைகள், அது ஓர் அதிர்ஷ்டம். மூன்று எழுத்துப் பெயர் மூன்று தலைமுறை தாண்டி உலகம் முழுக்கப் புத்தக அட்டைகளில் ஏறியது. அதே மேசையில் அதே வருடம் எழுதப்பட்ட மற்றப் பெயர்களில் எத்தனையோ ஒரே தலைமுறையோடு முடிந்திருக்கும்.

இதற்குப் பிறகு சட்டங்கள் மெல்ல மெல்ல மாறின. நேப்பிள்ஸிலும் புளோரன்ஸிலும் 1875இல் சக்கரங்களை மூடினார்கள். 1923இல் நாடு முழுவதும் அதிகாரபூர்வமாக ஒழித்தார்கள். ஆனால் ஆவணங்களில் வடு நீண்ட காலம் இருந்தது. தகப்பன் தெரியாத பிள்ளையின் அடையாள ஆவணத்தில், தகப்பன் பெயர் வரும் இடத்தில் இரண்டு 'ந' எழுத்துகளைப் போடுவார்கள். 'பெயர் அறியேன்' என்ற லத்தீனின் சுருக்கம். பள்ளிக்கூடம், இராணுவம், வேலை, கலியாணம், எங்கே போனாலும் அந்த இரண்டு எழுத்தையும் நீட்ட வேண்டும். 1955 ஒக்டோபர் 31ஆம் திகதிச் சட்டம் ஒன்றுதான் பெற்றோர் பெயர் குறிப்பிடுவதைப் பெரும்பாலான ஆவணங்களிலிருந்து எடுத்தது.

இன்றும் இத்தாலியில் ஒரு தாய் வைத்தியசாலையில் தன் பெயரைத் தெரிவிக்காமல் பிள்ளை பெறலாம். அந்தப் பிள்ளைக்குப் பதிவாளர்தான் பெயரும் குடும்பப்பெயரும் வைப்பார். ஆனால் 2000ஆம் ஆண்டின் சிவில் பதிவு விதிகள் அவர் கையைக் கட்டியிருக்கின்றன. பிறப்பின் கதையைக் காட்டிக்கொடுக்கும் பெயரை வைக்கக் கூடாது. வரலாற்றுப் புகழ் பெற்ற குடும்பத்தின் பெயரையோ, அந்த ஊரில் பெயர்போன குடும்பத்தின் பெயரையோ வைக்கக் கூடாது. 2022இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், பிள்ளைக்குத் தகப்பன் பெயர் மட்டும் தானாகச் செல்வது சரியல்ல, இருவர் பெயரும் செல்ல வேண்டும், விரும்பினால் இருவரும் சேர்ந்து ஒன்றைத் தெரியலாம் என்றும் தீர்ப்பளித்தது. தாய் வழியிலும் இனிப் பெயர் பிழைக்கும். கால்டன், வாட்சன் கணக்கையும் திருப்பிப் போட வேண்டி வரும்.

எமது மார்க்கச் சட்ட நூல்களில் 'லகீத்' என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. கண்டெடுக்கப்பட்ட குழந்தை பற்றியது. அப்படி ஒரு பிள்ளையை எடுத்துக் காப்பாற்றுவது அந்த ஊர் முழுவதன் மீதும் உள்ள கடமை. ஒருவர் செய்தால் மற்றவர்கள் பொறுப்பு நீங்கும், ஒருவரும் செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். சட்டம் எமக்குத் தெரியும். ஆனால் சட்டம் தெரிவது வேறு, பேனாவைக் கையில் எடுக்கும்போது நினைவில் இருப்பது வேறு.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், நாமும் ஒரு இலிகிதர்தான். ஆசிரியர் தொழிலில் பாதி நேரம் படிவம் நிரப்புவதிலேயே போகிறது. சில வருடங்களுக்கு முன்னர், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் விபரத்தை வரவு இடாப்புக்காக எடுத்துக்கொண்டிருந்தோம். அவசரம். பிறப்புச் சான்றிதழ் பிரதிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே, வகுப்பிலிருந்தே சத்தமாகக் கேட்டோம். ஒரு பிரதியில் தகப்பன் பெயர் வரும் இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. எமது பழைய சான்றிதழில் 'பெற்றோர் விவாகமானவர்களா' என்று ஒரு கூடும் இருக்கும், ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். நாம் யோசிக்காமல், "வாப்பாட பேர் எங்க? ஏன் எழுதல்ல?" என்று கேட்டோம்.

வகுப்பு அமைதியானது. அந்தப் பிள்ளை எழுந்து நின்றது, ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் நகத்தால் கீறிக்கொண்டு நின்றது. விளங்கிய உடனே "சரி, சரி, இருங்க" என்றோம். ஆனால் நாற்பது காதுகளுக்கு மேல் கேட்டுவிட்டன. அடுத்த இரண்டு நாட்கள் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தது. நாம் மன்னிப்புக் கேட்டோமா? இல்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டால் இன்னும் பெரிதாகிவிடும் என்று எமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அந்தப் பிள்ளை நன்றாகப் படித்து, சாதாரண தரம் முடித்துப் போய்விட்டது. நாம் அந்த நாளை மறக்கவில்லை. அந்தப் பிள்ளை மறந்திருக்கும் என்று நினைப்பதற்கும் எமக்கு உரிமையில்லை.

அந்த இரவு இத்தாலிய இலிகிதர்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது இதுதான் கண் முன் வந்தது. 'எறியப்பட்டவன்' என்று எழுதியவர்களும் கொடியவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அவசரமாக இருந்திருப்பார்கள். இன்னும் பத்துக் குழந்தைகள் பதிய இருந்திருக்கும். வழக்கமாக எழுதுவதை எழுதியிருப்பார்கள். அவர்களுடைய ஒரு நிமிட அவசரம் இருநூறு வருடம் நின்றது.

மறுநாள் வகுப்பில் அந்தப் படத்தை மீண்டும் போட்டோம். கேள்வி கேட்ட பிள்ளையிடம், அந்த நீல வட்டத்துக் குழந்தைகள் யார் என்று சொன்னோம். எக்கோவின் கதையையும் சொன்னோம். சக்கரத்தைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கத் தொடங்கியவர்கள், பாதி நாணயத்தைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பதை நிறுத்தினார்கள். கேள்வி கேட்ட பிள்ளை மட்டும் மீண்டும் கையை உயர்த்தியது.

"சேர், மத்தப் பாதியக் கொண்டு வராத உம்மாமார் எல்லாம் மௌத்தாகிட்டாங்களா?"

"சிலர் மௌத்தாகி இருப்பாங்க மகன். சிலருக்கு வர வழி இருந்திருக்காது."

பரீட்சையில் வராத பாடம்தான். ஆனால் அந்த நாற்பது நிமிடமும் வீண் போகவில்லை என்றே நினைக்கிறோம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோளோடு முடிக்கிறோம். அடுத்த வருடம் தரம் ஒன்று, தரம் ஆறு அனுமதி வரும். படிவங்கள் வரும். நிரப்பப்படாத ஒரு கூட்டைக் கண்டால், தயவுசெய்து வகுப்பில் வைத்து வாய்விட்டுக் கேட்காதீர்கள். பிள்ளையிடமும் கேட்காதீர்கள். உம்மாவையோ, வளர்ப்பவரையோ தனியாக அழைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். ஐந்து நிமிடம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

அந்தப் பழைய மாணவர் இதை வாசிக்க நேர்ந்தால், அன்றைக்குக் கேட்காத மன்னிப்பை இன்றைக்குக் கேட்கிறோம்.